மேலே வழவழப்பு, அடியில் என்ன?

காரின் பக்கவாட்டில் ஓடும் கறுப்புப் பட்டை, பின்னால் ஒட்டியிருக்கும் பெயர் எழுத்துகள், பின்பெட்டி மூடியின் மேல் நிற்கும் ஸ்பாய்லர், ஏரியல் கம்பி. இவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, இவை இருந்த துளைகளை அடைத்து, சாயம் பூசி, அங்கே எதுவுமே இருந்ததில்லை என்பதுபோல் ஆக்கிவிடுவதை நம் பையன்கள் 'ஷேவ்' பண்ணுவது என்கிறார்கள். முகத்தை மழிப்பதுபோல் காரையும் மழித்துவிடுவது. பார்ப்பதற்கு எளிய வேலையாகத் தெரியும். இருப்பதை எடுக்கப் போகிறோம், அவ்வளவுதானே?

கடந்த செமஸ்டர் விடுமுறையில் மூன்று வாரம் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், கொஞ்சம் செய்தும் பார்த்தேன். ஷா ஆலாம் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் என் அண்ணன், 1988ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா ஒன்றை 3,000 ரிங்கிட்டுக்கு வாங்கியிருந்தான். வெள்ளை நிறம். அதை மழித்துத் தரும்படி கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் தாய்மாமாவிடம் கொண்டுபோய் விட்டான். மாமாவின் பலகையில் 'கெத்தோக் டான் சாட்' என்று எழுதியிருக்கும். தட்டுவதும் சாயம் பூசுவதும் என்று பொருள். முப்பது வருடமாக அதே பலகை.

நான் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துரு எப்படிப் பிடிக்கிறது என்று தேர்வில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். துருவைக் கையால் சுரண்டிப் பார்த்ததில்லை. "பொம்பளப் புள்ள பட்டறையில என்ன பண்ணப் போற?" என்று அம்மா கேட்டார். மாமாதான், "படிக்கிற புள்ள, பாத்துட்டுப் போகட்டும் அக்கா" என்றார்.

எனக்கு ஆர்வம் வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. போன வருடம் என் விடுதித் தோழி ஒருத்தி 6,000 ரிங்கிட் கொடுத்து ஒரு பழைய காரை வாங்கினாள். புதுச் சாயம், கீறல் இல்லை, கண்ணாடிபோல் இருந்தது. இரண்டு மாதம் கழித்து நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் பஞ்சர். கையேட்டில் சொல்லியிருந்த இடத்தில்தான், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில், ஜாக்கை வைத்துச் சுற்றினாள். கார் மேலே எழும்பவில்லை. ஜாக் காருக்குள் ஏறியது. விளிம்பு அப்பளம்போல் நொறுங்கி, கார் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. டயரைப் பிடித்திருந்த கையை அவள் அப்போதுதான் எடுத்திருந்தாள். பிறகு அதே காரை மாமா தூக்கிப் பார்த்தபோது, அந்த விளிம்புக்குள் கசக்கிய செய்தித்தாள், அதன்மேல் கம்பி வலை, அதன்மேல் விரல் தடிமனுக்குப் பட்டி, அதன்மேல் கறுப்புத் தார்ப்பூச்சு. (எந்தச் செய்தித்தாள் என்று கேட்காதீர்கள்; எழுத்து அழிந்திருந்தது.) இரும்பு என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

பட்டி என்றால் பட்டறைக்காரர்கள் தகரத்தின் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. பாலியெஸ்டர் பிசினும் டால்க் தூளும் கலந்தது. முகப்பவுடரில் இருக்கும் அதே டால்க்தான். சுமார் நூற்றுக்கு இரண்டு பங்கு கெட்டிப்பான் சேர்த்துக் குழைத்தால், நம் ஊர் வெயிலில் சில நிமிடத்திலேயே இறுகிவிடும். அற்புதமான பொருள், அதன் வேலையை மட்டும் அதனிடம் கொடுத்தால்.

பட்டி வருவதற்கு முன்பே இந்த மழிக்கும் பழக்கம் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கலிஃபோர்னியாவில் இது ஓர் இளைஞர் அலையாகவே இருந்தது. அன்றைய அமெரிக்கக் கார்கள் குரோமியம் பட்டைகளையும் முன்மூடிச் சிலைகளையும் சுமந்துகொண்டு வந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்கள் பழைய காரை வாங்கி அந்த நகைகளையெல்லாம் கழற்றினார்கள். முன்மூடியை மழிப்பதற்கு ஒரு பெயர், பின்பெட்டி மூடியை மழிப்பதற்கு ஒரு பெயர் என்று தனிச் சொற்களே உருவாகின. துளைகளை அவர்கள் ஈயத்தால் நிரப்பினார்கள். அதனால்தான் அந்தக் கார்களுக்கு 'லெட் ஸ்லெட்', அதாவது ஈயச் சறுக்குவண்டி, என்று பட்டப்பெயர்.

அந்த முறையைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் பித்தளைப் பாத்திரம்தான் நினைவுக்கு வந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் முதலில் சூடாக்கித் துடைத்து மெல்லிய வெள்ளீயப் படலத்தை ஏற்றுவார். கார்த் தகரத்திலும் முதல் படி அதேதான். வெள்ளீயம் பிடித்த இடத்தில்தான் காரீயம் ஒட்டும். பிறகு 70 பங்கு காரீயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த கம்பியைச் சூடாக்கி மரத் துடுப்பால் வழிப்பார்கள். இந்தக் கலவை சுமார் 183 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கினாலும் 250 டிகிரியைத் தாண்டித்தான் முழுதாக உருகும். இடைப்பட்ட வெப்பத்தில் பிசைந்த மாவுபோல் நிற்கும். வகுப்பில் நாங்கள் வரைந்து வரைந்து சலித்த நிலை வரைபடத்தில் 'திரவமும் திண்மமும்' என்று எழுதிவைத்த அந்தச் சிறு முக்கோணம்தான், ஒரு துடுப்புக்காரருக்குக் கைவேலை செய்யக் கிடைத்த நேரம். இதை எந்த விரிவுரையாளரும் சொல்லவில்லை!

அந்தக் காலத்துக் கார்களில் மிகவும் பேசப்படுவது 1951ஆம் ஆண்டு மெர்குரி ஒன்று. பாப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய வம்சாவளி இளைஞருக்காக பாரிஸ் சகோதரர்களின் பட்டறை 1952இல் அதை மாற்றியமைத்தது. கூரையை வெட்டித் தாழ்த்தினார்கள், பிடிகளைக் கழற்றினார்கள், துளைகளை மூடினார்கள். ஆனால் பக்கவாட்டில் மட்டும் பியூக் காரிலிருந்து எடுத்த ஒரு குரோமியம் பட்டையைப் பொருத்தினார்கள். மேலே வெளிர்பச்சை, கீழே கரும்பச்சை. இரண்டையும் பிரிக்க அந்தக் கோடு தேவைப்பட்டது. 2022இல் அந்தக் கார் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. எல்லாவற்றையும் கழற்றினால்தான் அழகு என்று நினைக்கும் என் அண்ணன்மார்கள் அந்தக் காரின் படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

கதவுப் பிடியைக்கூட மழித்துவிட்டு, உள்ளே மின்காந்தம் வைத்துப் பொத்தானால் கதவைத் திறக்கும் வழக்கமும் அங்கேதான் பரவியது. இதை நான் விரும்பவில்லை. விபத்தில் மின்கலம் அறுந்துபோனால் வெளியே நிற்கிறவர் எதைப் பிடித்து இழுப்பார்?

சரி, கிள்ளானுக்கு வருவோம். அண்ணனின் சாகாவில் முந்தைய உரிமையாளர் யாரோ கடையில் வாங்கிய பக்கப்பட்டைகளை ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தார். கூடவே ஒரு பெரிய ஸ்பாய்லர். ரிவெட்டின் தலையைத் துளையிட்டு எடுத்தால் பட்டை கையோடு வந்துவிடும். பசை நாடாவால் ஒட்டியிருந்த எழுத்துகளுக்கு வேறு முறை. முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு, ரம்பம்போல் இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். இந்த வேலை எனக்குத் தரப்பட்டது. ஓர் எழுத்துக்கு ஐந்து நிமிடம்.

எல்லாம் வந்த பிறகு எண்ணினோம். மொத்தம் 27 துளைகள். அதில் பதினொன்றைச் சுற்றித் துரு பூத்திருந்தது. வலது பின்கதவில் மாமா ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினார். ஐம்பது காசு அளவுக்குத் தகரம் உள்ளே விழுந்தது.

ஏன் பட்டைக்குக் கீழே மட்டும்? இதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. பட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே மழைநீர் புகுந்தால் எளிதில் காய்வதில்லை. அந்த இடுக்கில் ஆக்சிசன் குறைவு, வெளியே அதிகம். இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலம்போல் வேலை செய்து, ஆக்சிசன் குறைந்த இடத்து இரும்பை அரிக்கிறது. துளை போட்டவர் வெட்டிய விளிம்புக்கு ஒரு சொட்டு முதற்பூச்சு வைத்திருந்தால் இது இவ்வளவு வேகமாக நடந்திருக்காது. காரை அழகாக்க ஐந்து நிமிடத்தில் போட்ட துளை. நம் மழைக்கு அது போதும்.

இங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. அண்ணனிடம் இருந்தது 2,000 ரிங்கிட். மாமா மனதில் கணக்குப் போட்டுவிட்டு, துருவை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து, 27 துளையையும் வெல்டிங் செய்து, முழுக் காருக்கும் சாயம் பூசினால், சொந்தக்காரன் என்று கூலியைக் குறைத்தும் 3,200 ஆகும் என்றார். அண்ணன் வேறோர் இடத்தில் விசாரித்திருந்தான். அங்கே எல்லாவற்றுக்கும் பட்டி வைத்து, நான்கே நாளில், 1,500க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார்களாம்.

"மாமா, ரெண்டு வருசம் ஓட்டிட்டு வித்துடப் போறேன். அதுவரைக்கும் தாங்கினா போதும் லா" என்றான்.

மாமா கோபப்படவில்லை. மூலையில் கிடந்த ஒரு பழைய கதவை இழுத்துவந்து போட்டார். யாரோ துளைக்குமேல் பட்டி வைத்துச் சாயம் பூசிய கதவு. சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினார். பட்டி வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அதன் பின்புறம் ஈரம். துளையின் பின்பக்கம் திறந்தே இருப்பதால் நீர் அந்த வழியாகப் பட்டிக்குள் ஏறுகிறது. டால்க் அதை உறிஞ்சிவைத்துக்கொள்கிறது. முன்னால் சாயம், பின்னால் ஈரப் பஞ்சு, நடுவே இரும்பு.

"இதை வாங்குறவன் யாரு தெரியுமா? உன் தங்கச்சி மாதிரி ஒரு ஸ்டூடண்ட். அஞ்சாயிரம் ஆறாயிரத்துக்கு வேற யாரு வாங்குவா?" என்றார் மாமா.

அண்ணன் என்னைப் பார்த்தான். என் தோழியின் கதை அவனுக்குத் தெரியும். அன்றைக்கு எதுவும் பேசாமல் போய்விட்டான். மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து, சாயத்தை மூன்று மாதம் தள்ளிப்போடலாம், இப்போது இரும்பு வேலையை மட்டும் முடித்து முதற்பூச்சோடு விட்டுவிடுங்கள் என்றான். சாம்பல் நிறத் திட்டுகளோடு மூன்று மாதம் தொழிற்சாலைக்கு ஓட்டினான். நண்பர்கள் கேலி செய்தார்கள். இப்படி வேலையை இரண்டாகப் பிரிக்கலாம் என்பதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒன்று முழுதாக, இல்லையென்றால் பட்டி என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். ஆனால் எபாக்சி முதற்பூச்சாக இருக்க வேண்டும். சாதாரண முதற்பூச்சு ஈரத்தை உள்ளே விட்டுவிடும்.

வெல்டிங்கை விளக்காமல் விட முடியாது, ஏனென்றால் முழு வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. காரின் தகரம் 0.8 மில்லிமீட்டர் அளவுதான். ஒரே இடத்தில் தொடர்ந்து நெருப்பைக் காட்டினால் துளை பெரிதாகும், இல்லையென்றால் கதவே அலையலையாக நெளியும். அதனால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அடுத்த துளைக்குப் போய், அங்கே ஒரு புள்ளி வைத்து, மூன்றாவதுக்குப் போய், முதலாவது ஆறிய பிறகு திரும்பி வர வேண்டும். மாமா இதைக் கோலம் போடுவதுபோல் ஓர் ஒழுங்கோடு செய்தார். துளைக்குப் பின்னால் அவர் பிடித்தது ஏர்கோன் குழாயை வெட்டித் தட்டையாக்கிய ஒரு தாமிரத் துண்டு. தாமிரம் வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடுவதால் உருகிய இரும்பு அதில் ஒட்டாது; துளை மட்டும் நிரம்பும். வேலைக்கு முன் மின்கலத்தைக் கழற்றி, கதவின் உள் துணியை எடுத்து, தீயணைப்பானைக் காலடியில் வைத்துக்கொண்டார். எரிபொருள் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் குனிந்து பார்த்தார். முப்பது வருட அனுபவத்துக்குப் பிறகும் குனிந்து பார்த்தார்.

முடிந்ததும் புள்ளிகளைத் தேய்த்துச் சமமாக்கி, பிறகுதான் பட்டி. அதுவும் மெல்லியதாக, அதிகபட்சம் மூன்று மில்லிமீட்டர். வெல்டிங் சூட்டில் உட்பக்கத்துச் சாயம் எரிந்திருக்குமே? அதற்குக் கதவின் உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பைப் பீய்ச்சினார். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாத இந்தப் படிதான் மலிவு வேலையில் முதலில் காணாமல் போகும்.

மாமா அடைக்க மறுத்த துளைகளும் உண்டு. ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் நீள்வட்டமாகச் சில ஓட்டைகள் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? சன்னல் கண்ணாடியின் ரப்பர் ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்கிறது. அந்த நீர் வெளியேறும் வழி அது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் சேர்த்து மூடியவர்களின் கார்களை மாமா பார்த்திருக்கிறார். கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்குமாம். "ஓட்டை எதுக்கு இருக்குன்னு தெரியாம அதை அடைக்கக் கூடாது, பாப்பா" என்றார். அதுபோல் பக்கவாட்டுச் சிக்னல் விளக்கையும் எடுக்கக் கூடாது. நிறத்தை மாற்றினால் ஜே.பி.ஜே.க்குத் தெரிவித்துப் பதிவிலும் மாற்ற வேண்டும். அண்ணன் வெள்ளைக்கு வெள்ளையே பூசியதால் அந்த அலைச்சல் இல்லை.

தேய்ப்பது என் பங்கு. 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என்று மேலேறினோம். நீளமான கட்டையில் தாளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் தடமே பள்ளமாகிவிடும். இடையிடையே கறுப்புத் தூளைத் தடவிப் பார்ப்போம். மேடு வெளுக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். மூன்றாம் நாள் மாமா என் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்து நகர்த்தச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரிந்தது. ஆய்வகத்தில் மேற்பரப்பை அளக்க விலை உயர்ந்த கருவி வைத்திருக்கிறோம். மாமாவின் கை அதற்குப் போட்டி என்று நான் சொல்லப்போவதில்லை, ஆனால் அவர் கை காட்டிய மூன்று இடத்திலும் கறுப்புத் தூள் நின்றது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சாயம் பூசும் கடைசிப் பூச்சின் கெட்டிப்பானில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சில் போனால் தீராத ஆஸ்துமா வரலாம். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. மாமாவின் பட்டறையில் பல காலம் கைக்குட்டைதான் கட்டியிருந்தார்கள். அவர் இரவில் இருமுவதை அத்தை ஏதோ பனி, குளிர் என்பார். இப்போது கரி வடிகட்டி வைத்த கவசம் இரண்டு வாங்கி மாட்டியிருக்கிறோம். வெளியிலிருந்து காற்று வரும் கவசம்தான் சரியானது. அதற்கு இன்னும் பணம் சேரவில்லை.

முன்னால் இருந்த சின்னம் மட்டும் மிச்சம். பழைய சாகாவின் சின்னம் பிறையும் 14 முனை நட்சத்திரமும்; 1985 ஜூலையில் முதல் சாகா வெளிவந்தபோது இருந்த அதே அடையாளம். அண்ணன் அதையும் மழிக்கத்தான் நினைத்திருந்தான். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டு, "அதையும் எடுத்துட்டா இது என்ன காடின்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அண்ணன் விட்டுவிட்டான். என்னைக் கேட்டால், வெறும் வெள்ளையாக இருக்கும் அந்தக் காருக்கு, ஹிரோஹாட்டாவின் பியூக் பட்டைபோல், அந்த ஒன்று பொருந்தித்தான் இருக்கிறது.

முதல் காரைப் பழையதாக வாங்கப்போகும் மாணவர்களுக்கு மாமா சொல்லித்தந்த சோதனையை எழுதிவிடுகிறேன். குளிர்பெட்டியில் ஒட்டும் மெல்லிய காந்தம் ஒன்றை டிஷ்யூ தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். தாள் சாயத்தைக் கீறாமல் காக்கும். சக்கர வளைவுகள், கதவின் கீழ்ப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு ஆகிய மூன்றிலும் மெதுவாக நகர்த்துங்கள். பிடிப்பு திடீரென்று தளர்ந்தால் அங்கே பட்டி தடிமனாக இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரிலும், சில புதிய கார்களின் அலுமினிய மூடிகளிலும் காந்தம் எப்படியும் ஒட்டாது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். விரல் முட்டியால் தட்டினால் தகரம் கணீரென்றும் பட்டி மந்தமாகவும் ஒலிக்கும். கதவைத் திறந்து அடிவிளிம்பில் அந்த நீள்வட்ட ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, ஜாக் வைக்கும் இடத்தில் ஜாக்கை வைத்துத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குத் தயங்கினால், என் தோழி இப்போது செய்வதுபோல், அடுத்த காரைப் பார்க்கப் போய்விடலாம்.